இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம்

ஏறுகிறது. இறங்குகிறது. சட்டையைக் கழற்றிவிட்டார்கள், அதனால் என் மகள் நிறைமதியின் நெஞ்சு நன்றாகத் தெரிகிறது. மூக்கில் மெல்லிய குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, கால் கட்டைவிரலில் சிவப்பு வெளிச்சம் எரிகிற ஒரு கிளிப். தூங்குகிறாள். தூக்கம்தான், பயப்படாதீங்க என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். பயமா இது. பயம் என்பது வரப்போவதை நினைத்து வருவது. எனக்கு யாரோ கன்னத்தில் ஓங்கி அறைந்து, அறைந்த கையை இன்னும் எடுக்காமல் வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது. ஏறுகிறது, இறங்குகிறது. எண்ணிப் பார்க்கலாம் என்று ஆரம்பிக்கிறேன். குழந்தையின் மூச்சை எண்ணுவது எனக்குத் தெரிந்த வேலை, மூச்சு வேகமாக இருந்ததா, நெஞ்சு உள்ளே இழுத்துக்கொண்டதா என்று எத்தனையோ தாய்மாரிடம் கேட்டிருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை கொஞ்ச தூரம் போனதும் மஞ்சள் வாளி குறுக்கே வந்துவிடுகிறது. வாளியில் தண்ணீர் பாதிகூட இல்லை. துணி அலசி மிச்சமிருந்த தண்ணீர். என் முழங்கைக்குக்கூட வராது. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன். ஏறுகிறது, இறங்குகிறது. மறுபடி வாளி. சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். தண்ணீர் நுரையீரலுக்குள் போயிருந்தால் கொஞ்ச நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறலாமாம். இப்போது வெயில் ஜன்னலின் கீழ்க்கம்பியில் இருக்கிறது. சாயங்காலம் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. எந்தக் கெடுதலும் நினைக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை. கரூரில் எங்கள் தெருவுக்குக் குடிதண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், இன்றைக்கு வந்தது, குடம், அண்டா, டிரம், வாளி எல்லாவற்றிலும் பிடித்து வைத்தோம். பிடித்து வைத்தது போஸ்தான், என் வீட்டுக்காரர். நான் துணி துவைத்தேன். அவர் உள்ளே உட்கார்ந்து நிறைமதிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார், அவள் பாதி இட்லியைத் தன் கரடி பொம்மைக்கு ஊட்டினாள், அதை அவர் என்னிடம் சத்தமாகச் சொல்லிச் சிரித்தார், நானும் பின்கட்டிலிருந்து சிரித்தேன். அதுவரைக்கும் எல்லாம் தெளிவாக இருக்கிறது. பிறகு நான் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். போகும்போது ஒரு வார்த்தை சொன்னேனா. மாடிக்குப் போறேங்க என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சொன்னேனா, மனசுக்குள் சொல்லிக்கொண்டேனா. அவருக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்ததாம். அவர் எழுந்து சிக்னல் கிடைக்கிற வாசல் பக்கம் போனார். குழந்தை அம்மாவிடம் பின்கட்டுக்குப் போகிறாள் என்று அவர் நினைத்தார். குழந்தை அப்பாவிடம் உட்கார்ந்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன். இவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் ஒன்றுமே நடக்கவில்லை. கதவு உடையவில்லை, பாம்பு வரவில்லை, காய்ச்சல் வரவில்லை. நான் ஒரு புடவையை உதறிக் கொடியில் போட்டு கிளிப் மாட்டினேன். கீழே பக்கத்து வீட்டுப் பார்வீனக்காவின் குக்கர் விசில் கேட்டது. அது கேட்டது, ஆட்டோ ஹாரன் கேட்டது, போஸ் போனில் பேசுவது கேட்டது. என் பிள்ளை மூழ்குவது கேட்கவில்லை. தண்ணீரில் விழுகிறவர்கள் கத்துவார்கள், கையை அடிப்பார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. காலி கூடையோடு இறங்கி வந்தபோது பின்கட்டில் வாளிக்கு வெளியே இரண்டு பாதங்கள் மேலே பார்த்து நின்றன. பாதங்கள் என்று உடனே புரியவில்லை. என்னவோ வாளியில் கிடக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. அந்த ஒரு கணத்தை என்ன செய்வது. என் பிள்ளையின் பாதத்தை நான் என்னவோ என்று பார்த்த அந்தக் கணத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது.

தூக்கினேன். கனமாக இருந்தாள். உதடு நீலமாக இருந்தது, நீலம் என்றுகூடச் சொல்ல முடியாது, ஈயம் மாதிரி. நான் கத்தினேன் போலிருக்கிறது, போஸ் ஓடி வந்தார், பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டார். தண்ணீர் வெளியே வரட்டும் என்று. எல்லோரும் செய்வதுதான், சினிமாவில் வயிற்றை அமுக்குவார்கள், வீட்டில் தலைகீழாகப் பிடிப்பார்கள். அப்போதுதான் எனக்குள்ளே ஒரு குரல் கேட்டது, என் குரலே இல்லை, ரெஜினா மேடத்தின் குரல், வேலைக்குச் சேர்ந்தபோது எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். தண்ணியில விழுந்த குழந்தைக்கு வேண்டியது காத்து, தண்ணியை வெளியே எடுக்கறேன்னு நேரத்தைப் போக்காதீங்க, முதல்ல மூச்சைக் குடுங்க. அன்றைக்கு ஒரு ரப்பர் பொம்மையைத் தரையில் கிடத்தி ஒவ்வொருவரையும் ஊதச் சொன்னார்கள். எனக்கு முன்னால் ஊதியவளின் லிப்ஸ்டிக் பொம்மை வாயில் ஒட்டியிருந்தது, நாங்கள் சிரித்தோம், நான் முந்தானையால் துடைத்துவிட்டு ஊதினேன், பொம்மையின் நெஞ்சு ஏறியது. போதும், அடுத்த ஆள் என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். போஸின் கையிலிருந்து பிடுங்கினேன். அவர் விடவில்லை. விடுங்க என்று அவர் கையில் நகம் பதியக் கீறினேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சோப்புத் தண்ணீரில் கிடத்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, அவள் வாயையும் மூக்கையும் சேர்த்து என் வாயால் மூடி ஊதினேன். சோப்பு ருசி. இட்லி ருசி. நெஞ்சு ஏறியது. பொம்மையின் நெஞ்சு மாதிரியே ஏறியது, நான் ஊதினால் ஏறியது, விட்டால் இறங்கியது, தானாக ஒன்றும் இல்லை. மறுபடி ஊதினேன். பார்வீனக்கா எப்போது வந்தார்கள் தெரியாது, என் முதுகில் கை வைத்து, ஊதுடி, நிறுத்தாதே, ஊதுடி என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நெஞ்சை அமுக்கினேன், ஊதினேன். எவ்வளவு நேரம். உலகத்தில் வேறு எதுவுமே இல்லாத அளவுக்கு நேரம். பிறகு அவள் உடம்பு ஒருமுறை வெட்டியது. தண்ணீரும் இட்லியுமாக என் கையிலேயே வாந்தி எடுத்தாள். இருமினாள். அழுதாள். அந்த அழுகை, பிறந்த அன்றைக்கு அழுததைவிட மெலிசாக, பூனை அழுகிற மாதிரி. போஸ் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஏறுகிறது. இப்போது தானாக ஏறுகிறது. நான் ஊதாமல் ஏறுகிறது. இதை ஒரு அதிசயம் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறேன், எல்லா அம்மாக்களும் இதைப் பார்க்காமலே சமைக்கிறார்கள், டிவி பார்க்கிறார்கள், தூங்குகிறார்கள், நானும் நேற்றுவரைக்கும் அப்படித்தான். ஆட்டோவில் வரும்போது பார்வீனக்கா குழந்தையைத் தட்டித் தட்டி, தூங்கவிடாதே, பேச்சுக் குடு என்றார்கள். நான் நிறைக்குட்டி, நிறைக்குட்டி என்று சொல்லிக்கொண்டு வந்தேன், வேறு வார்த்தை வாயில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்னப் பெண், தலைமுடியைத் தூக்கி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டே, தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தா என்றாள். நான் போஸைப் பார்த்தேன். போஸ் என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்றேன். கொஞ்ச நேரம்னா என்றாள். கோபம் எதுவும் இல்லை அவள் குரலில், கேட்க வேண்டியதைக் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்வி தெரியும். ரொம்ப நன்றாகத் தெரியும். அது என் கேள்வி.

என் வேலை அதுதான். ஐந்து வயதுக்குள் இறந்துபோன குழந்தைகளின் வீடுகளுக்குப் போய், எப்படி இறந்தது என்று பெற்றவர்களிடம் கேட்டு வருவது. ஆராய்ச்சிக்காக. மருத்துவர் பார்க்காமலே போய்ச் சேர்கிற குழந்தைகள் எதனால் போகின்றன என்று கண்டுபிடித்தால்தானே அடுத்த குழந்தையைக் காப்பாற்ற முடியும் என்று ரெஜினா மேடம் சொல்வார். கரூர் பக்கம், குளித்தலை பக்கம், கடவூர் மலைப் பக்கம் எல்லாம் போயிருக்கிறேன். போனதும் தண்ணீர் கொடுப்பார்கள், குடிப்பேன். பாயை விரிப்பார்கள், உட்காருவேன். ஒரு செங்கல் சூளையில் ஒருத்தி, இருபது வயதுகூட இருக்காது, பையனுக்கு வயிற்றாலே போனது என்றாள். கண்ணு உள்ள போயிருச்சா என்றேன். ஆமாங்க, பள்ளமாப் போச்சு. உச்சிக்குழி அமுங்கி இருந்துச்சா. ஆமாங்க, அதுக்குத்தான் தொக்கம் எடுக்கறவங்ககிட்டக் கூட்டிட்டுப் போனோம், தொண்டையில ஏதோ சிக்கியிருக்குன்னு எடுத்து விட்டாங்க. தண்ணி குடுத்தீங்களா என்றேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொன்னாங்க, நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டான், நான்தான் குடுக்கலீங்க என்றாள். நாக்கை நீட்டிக் காட்டினாள், பையன் எப்படிக் கேட்டான் என்று. அதை நான் எழுதிக்கொண்டேன். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர். அவ்வளவுதான் அந்தப் பையனுக்கு வேண்டியிருந்தது. அதை எழுதிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து தோசை சுட்டேன். இன்னொருத்தி, மலையில், பிறந்த அன்றைக்கே போன குழந்தை. மாசம் ஆகலீங்க, கைக்குள்ள அடங்கற மாதிரி இருந்துச்சு, குளிப்பாட்டி வெச்சோம், அப்புறம் சில்லுன்னு ஆயிருச்சு என்றாள். நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தால் போதும் அந்தக் குழந்தைக்கு, அம்மாவின் சூடு போதும், துணியில் சுற்றித் தரையில் வைத்துவிட்டார்கள். எல்லோரும் அன்போடுதான் வைத்தார்கள். ஒருவராவது அன்பில்லாமல் இருந்ததாக நான் எங்கேயும் பார்க்கவில்லை.

பிறகு மருதாயி. மருதாயியை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கிறேன். மாட்டுத்தொட்டி. பையன் தொட்டியில் விழுந்தான். எவ்வளவு நேரம் கவனிக்காம இருந்தீங்க என்று நான் கேட்டேன், அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கொஞ்ச நேரங்க என்றாள். கொஞ்ச நேரம்னா என்றேன். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்தாள், அங்கே எழுதியிருக்கிற மாதிரி. பால் கறந்துக்கிட்டு இருந்தேங்க, அவங்க அப்பன் கட்டில்ல இருந்தாரு, அவரு பாப்பாருன்னு நெனச்சேன் என்றாள். அப்பன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பேசி என்ன செய்வது. என்ன வார்த்தையை எடுத்துப் பேசுவது. இப்போது போஸ் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார், கதவின் கண்ணாடி வழியாக அவருடைய தோள் தெரிகிறது. ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவர் முழங்கைக்குக் கீழே நான் கீறிய கோடு சிவப்பாக இருக்கிறது.

ஒருமுறை ரெஜினா மேடம் பெரிய உலகப் படம் ஒன்றைச் சுவரில் போட்டுக் காட்டினார். உலகத்தில் ஒரு வருஷத்துக்கு ஐம்பது லட்சம் குழந்தைகள் கிட்டத்தட்ட, ஐந்து வயது ஆகாமலே. அதில் பாதிக்குப் பக்கம் பிறந்த முதல் மாதத்திலேயே. என் கை பேனாவோடு நின்றுவிட்டது அன்றைக்கு. இத்தனை பெரிய உலகம், இத்தனை பாஷை, இத்தனை சாமி, ஆனால் பிள்ளைகள் சாகிற காரணத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார். குறைமாதம். பிறந்ததும் மூச்சு வராமல் போவது. நிமோனியா. வயிற்றுப்போக்கு. ஆப்பிரிக்காவில் மலேரியா. இதில் பெரும்பாலானதைத் தடுக்க முடியும்மா, தாய்ப்பாலும் தடுப்பூசியும் சுத்தமான தண்ணியும் நேரத்துக்கு ஒரு மருந்தும் இருந்தாப் போதும், அதுதான் கொடுமை என்றார். மலேரியா என்றதும் எனக்குப் பெருமையாக இருந்தது. போஸ் கொசுவலைக் கம்பெனியில் சூப்பர்வைசர். எங்கள் ஊர் வலை கப்பல் ஏறிக் காங்கோவுக்கும் தான்சானியாவுக்கும் போகிறது. ஒரு வலைக்குள்ள மூணு பிள்ளைங்க படுத்துக்குமாம் அரசி, கம்பெனியில போட்டோ காட்டினாங்க என்று ஒருநாள் வந்து சொன்னார். அன்றைக்கு ராத்திரி நிறைமதி வலைக்குள் தூங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ முகம் தெரியாத பிள்ளைகளுக்காக அவர் வலை செய்கிறார், எங்கேயோ முகம் தெரியாத பிள்ளைகளுக்காக நான் கேள்வி கேட்கிறேன், நடுவில் எங்கள் பிள்ளை துணி அலசின தண்ணீரில். பணக்கார நாடுகளில் எப்படி மேடம் என்று ஒரு பெண் கேட்டாள். அங்கே இந்த வியாதியெல்லாம் குறைந்துபோச்சு, அங்கே நடக்க ஆரம்பிச்ச பிள்ளைங்களுக்கு விபத்துதான் பெரிய எமன், நீச்சல் குளம், குளியல் தொட்டி என்றார். நாங்கள் சிரித்தோம். நம்ம வீட்ல எங்க மேடம் நீச்சல் குளம் என்று யாரோ சொன்னாள். அவரும் சிரித்துவிட்டு, வாளி இருக்கேம்மா என்றார். அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

எதை நாங்கள் விட்டோம். எல்லா ஊசியும் போட்டோம். ஒன்றுகூடத் தள்ளிப் போகவில்லை, தட்டம்மை ஊசி போட்ட அன்றைக்கு மழை, குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் போட்டு வந்தோம். ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், ஒரு சொட்டுத் தேன்கூட நாக்கில் வைக்க விடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுத்தேன். கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டி. தண்ணீருக்குள் இருக்கிற கிருமிக்கு இவ்வளவு பயந்தேன். தண்ணீருக்கே பயப்படவில்லை. பிளக் பாயிண்டுக்கெல்லாம் அவர் டேப் ஒட்டினார். மாடிப்படிக்குக் கேட் போட்டார். மாடிப்படிக்கு. அந்தக் கேட்டைத் திறந்து மூடிவிட்டுத்தான் நான் மேலே போனேன், மூடியதைத் தள்ளிப் பார்த்து, பத்திரம் என்று நினைத்தேன், அந்த நினைப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது, வாயில் கல்கண்டு போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. அவர் ஏன் போனை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி போனை எடுக்காமல் இருந்தால் என்ன. எடுத்தாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன. இது வந்துவிடுகிறது, வேண்டாம் என்றாலும் வந்துவிடுகிறது, வந்து நெஞ்சில் சூடாக உட்காருகிறது, அவர் மேல் கோபப்படுகிற கொஞ்ச நேரம் வாளி மறைந்துபோகிறது. அதனாலேயே கோபம் சுகமாக இருக்கிறது. பிறகு நான் அந்த வாளியை ஏன் கவிழ்க்கவில்லை என்பது வருகிறது. ஒரு தள்ளு. காலால் ஒரு தள்ளு போதும். நாளைக்குத் தண்ணீர் வராது, இதில் பின்கட்டைக் கழுவிவிடலாம் என்று வைத்தேன். சிக்கனம். மருதாயியின் தொட்டியும் மாட்டுக்காகத்தான் இருந்தது. யாருக்கும் எந்தத் தண்ணீரும் கொல்வதற்காக இருக்கவில்லை.

நெஞ்சு நின்றுவிட்டதா. இல்லை. ஏறுகிறது. நான்தான் கண்ணை இமைத்துவிட்டேன். எழுந்து மூக்குக்குக் கீழே விரலை வைக்கிறேன், சூடான காற்று படுகிறது. பக்கத்துப் படுக்கையில் ஒரு பெண் தன் கைக்குழந்தைக்கு மருந்துப் புகை பிடிக்கிற முகமூடியை வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னாச்சு பாப்பாவுக்கு என்று என்னைக் கேட்கிறாள். வாய் வரைக்கும் காய்ச்சல் என்ற வார்த்தை வருகிறது. காய்ச்சல் என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தண்ணியில விழுந்துட்டா என்கிறேன். ஐயோ, எங்க, கெணத்துலயா என்கிறாள். வாளியில என்கிறேன். அவள் தன் குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறாள். வாளியிலயா என்கிறாள், மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. பிறகு அவள் போனை எடுத்து யாரையோ கூப்பிடுகிறாள். தம்பி, பெரியவன் எங்க இருக்கான், பாத்ரூம் கதவைச் சாத்திட்டயா, போய்ப் பாரு, இப்பப் போய்ப் பாரு, நான் லைன்லயே இருக்கேன். அவள் காத்திருக்கிறாள். நானும் அவளோடு காத்திருக்கிறேன், முன்பின் தெரியாத யாருடைய வீட்டிலோ ஒரு கதவு சாத்தப்படுவதற்காக. சாத்திட்டான் என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறாள். எனக்கு அப்போதுதான் காலையிலிருந்து முதல் முறையாக அழுகை வருகிறது. சத்தம் வராமல் அழுகிறேன், கண் மட்டும் நெஞ்சை விட்டு நகரவில்லை.

வெயில் ஜன்னலை விட்டுப் போயிருந்தது. டியூட்டி டாக்டர் வந்தாள், பின்னாலேயே போஸும் வந்து கதவோரம் நின்றார். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை முன்னால் வைத்தாள், பின்னால் வைத்தாள், நிறைமதி விழித்துக்கொண்டு அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். டாக்டர் மூக்குக் குழாயை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கால்விரல் கிளிப்போடு இணைத்திருந்த எந்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு நல்லா இருக்கு, எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்கு, இன்னைக்கு இங்கேயே இருக்கட்டும், காலையில போகலாம் என்றாள். போகத் திரும்பியவள் நின்று, யாரு மூச்சு குடுத்தது என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போஸ், இவதான் டாக்டர், நான் தலைகீழாப் பிடிச்சுட்டேன், இவ என்கிட்ட இருந்து பிடுங்கிட்டா என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. டாக்டர் என்னைப் பார்த்தாள். நல்லவேளை என்றாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு வேளை இருந்தது, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. இனிமே ஏதாவது குடிக்கக் குடுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் படுக்கைக்குப் போனாள்.

நிறைமதி என்னைப் பார்த்தாள். தொண்டை கட்டியிருந்தது, கரகரவென்று, ண்ணி என்றாள். ம்மா, ண்ணி. தண்ணீர் வேண்டுமாம். பார்வீனக்கா ஆட்டோவில் கொண்டுவந்த பாட்டில் மேஜையில் இருந்தது. டம்ளரில் ஊற்றினேன். டம்ளரில் அந்தத் தண்ணீர் சுத்தமாக, அடி வரைக்கும் தெரிகிற மாதிரி, ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தது. செங்கல் சூளைப் பையன் நாக்கை நீட்டி நீட்டிக் கேட்டானே அந்தத் தண்ணீரும் இதுதான். அவள் உதட்டருகே கொண்டுபோனேன், என் கை அங்கேயே நின்றுவிட்டது, முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. ண்ணி என்று அவள் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து இழுத்தாள், போர்வையில் சிந்தியது. போஸ் வந்து டம்ளரை என் விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து வாங்கினார். கட்டிலில் உட்கார்ந்து அவளைத் தன் நெஞ்சில் சாய்த்து, உள்ளங்கையை அவள் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு மெதுவாகப் புகட்டினார். அவள் விழுங்கும் சத்தம் கேட்டது. குடித்துவிட்டு அவள் ஆ என்று பெருமூச்சு விட்டாள், எப்போதும் விடுகிற மாதிரி.

"உன்கிட்ட வந்துட்டான்னு நெனச்சேன்," என்றார். தலையை நிமிர்த்தவில்லை, அவளுடைய உச்சந்தலையைப் பார்த்துச் சொன்னார்.

"நான் உங்ககிட்ட இருக்கான்னு நெனச்சேன்."

"நீ மாடிக்குப் போறேன்னு சொன்னியா?"

"தெரியலைங்க. சொன்னேன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இப்பத் தெரியலை."

"நானும் உன்னைக் கூப்பிட்டுச் சொல்லலை. நேரா வாசலுக்குப் போயிட்டேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் என்ன வரும் என்று நான் காத்திருந்தேன், மருதாயியின் வாசலில் நின்ற அந்த மனிதனின் மௌனம் எங்கள் நடுவிலும் வந்து நிற்குமோ என்று காத்திருந்தேன். போஸ் கையை நீட்டினார். கீறல் இருந்த கை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பிடித்தது வலித்தது, வலிக்கட்டும் என்று விட்டேன். நிறைமதி எங்கள் இரண்டு பேர் கைக்கும் நடுவில் தன் விரலை நுழைத்து அந்தக் கீறலைத் தொட்டு, அப்பா உவ்வா என்றாள். ஆமா, உவ்வா என்றார் அவர்.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தார். குழந்தையைக் கட்டிலில் என் பக்கம் விட்டார். கீழே போயிப் பார்வீனக்காவுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டு, உனக்கு ஏதாவது வாங்கிட்டு வரேன், காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலை என்றார். சரிங்க என்றேன். கதவு வரைக்கும் போனவர் நின்றார். திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போறேன் அரசி. இங்க இருக்க மாட்டேன்."

"சரிங்க."

"சரின்னா போதாது. நீ பாத்துக்கிறியா?"

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். இவ்வளவு நாளில் இந்தக் கேள்வியை ஒருவரை ஒருவர் கேட்டதே இல்லை, கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், அது போதும் என்று இருந்தோம்.

"நான் பாத்துக்கிறேன்," என்றேன்.

அவர் இன்னும் நின்றார்.

"நான்தான் பாத்துக்கிறேன். நீங்க போங்க."

கம்பியை விட்டார். போனார். நான் குழந்தையின் பக்கம் திரும்பினேன்.